திரையில் விழாத நான்கு விரற்கடை

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியல் அரபு மொழியில் இருக்கிறது. அப்பா வளைகுடாவில் பதினாறு ஆண்டுகள் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியபோது கூடவே கொண்டுவந்த பெட்டி அது. அங்கே கடைக்காரர் வைத்துக்கொடுத்த மொழியை இங்கே எவரும் மாற்றவில்லை. ஒலியைக் கூட்டவும் சேனலை மாற்றவும் மொழி தேவைப்படாததால், அருமனைக்கு அருகே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் அது எட்டு ஆண்டுகள் யாருக்கும் இடைஞ்சலின்றி இருந்துவந்தது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அந்தப் பட்டியலை நான் திறக்க வேண்டியதாயிற்று.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு என்னைப் பெண் பார்க்க இருந்தார்கள். நேரில் வரவில்லை. மாப்பிள்ளை வளைகுடாவில் பொறியாளர். புதுக்கடைப் பக்கத்துக் குடும்பம். அவருடைய பெற்றோரும் மூன்று மாத விசாவில் அவரோடு போய்த் தங்கியிருந்தார்கள். அவருக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஆகவே வீடியோ அழைப்பில் இரு வீட்டாரும் பேசுவது என்று, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த என் மாமா, அம்மாவின் தம்பி, ஏற்பாடு செய்திருந்தார். பொருந்திவிட்டால் மாப்பிள்ளையின் அடுத்த விடுப்பில் கல்யாணம். கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் நானும் விமானம் ஏற வேண்டும்.

அதற்கு எட்டு நாள் முன்புதான், முனைவர் பட்ட ஆய்வில் சேர்வதற்கான அனுமதிக் கடிதம் மின்னஞ்சலில் வந்திருந்தது. ஓர் இரவு ரயில் பயணத் தொலைவிலுள்ள பல்கலைக்கழகம். வரும் புதன்கிழமைக்குள், பெற்றோர் ஒப்பமிட்ட படிவத்தோடு நேரில் சென்று சேர வேண்டும். தவறினால் அந்த இடம் காத்திருப்போரில் அடுத்தவருக்குப் போய்விடும். அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள். "வெள்ளிக்கிழம கழியட்டு" என்று மட்டும் அப்பா சொன்னதாக அம்மா வந்து சொன்னாள்.

அப்பா கோபக்காரர் இல்லை. என்னை அடித்ததோ அதட்டியதோ கிடையாது. என் அச்சம் அவரைக் காட்டிலும் என்னைப் பற்றியதாகவே இருந்தது. பள்ளியில் விடை தெரிந்தும் எழுந்து நிற்காதவள் நான். எழுதச் சொன்னால் இருபது பக்கம் எழுதுவேன்; ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல என்னால் ஆகாது. வெள்ளிக்கிழமை மாலை யாராவது "பிடிச்சிருக்கா?" என்று கேட்பார்கள். நான் தலை குனிந்திருப்பேன். குனிந்த தலையைச் சம்மதமென்று எடுத்துக்கொள்வார்கள். புதன்கிழமை கடந்துவிடும். எட்டு நாளும் இதையே, வரிசை மாறாமல், நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மடிக்கணினி பழையது. முதுகலை முடித்து விடுதியிலிருந்து வரும் வழியில் பேருந்துக்குள் ஒழுகிய மழைநீர் பையில் இறங்கி, அதன் திரை இருண்டுபோனது. விசைகளில் சில, ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிந்தன. கேமராவும் மைக்கும் மட்டும் பழுதில்லாமல் தப்பின. போனில் பேசினால் ஆளுக்கு ஆள் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும், எல்லோரும் கூடத்தில் மரியாதையாக உட்கார்ந்து பேச வேண்டும் என்று மாமா பிடிவாதமாக இருந்தார். எனவே கணினியைத் தொலைக்காட்சியோடு இணைப்பதென்று முடிவாயிற்று.

காலையில் கேபிளைச் செருகினேன். படம் வந்தது. ஆனால் முழுமையாக வரவில்லை. இடமும் வலமும் நான்கு விரற்கடை, மேலும் கீழும் மூன்று விரற்கடை அகலத்துக்குப் படம் சட்டத்துக்கு வெளியே போயிருந்தது. கீழே இருக்க வேண்டிய பட்டையும் அதிலுள்ள கடிகாரமும் இல்லை. இடப்பக்க வரிசையில் இருந்த கோப்புகளின் பெயர்கள் முன்பாதியை இழந்து நின்றன. பழைய தொலைக்காட்சிகள், ஒளிபரப்பின் விளிம்பிலுள்ள பிசிறுகள் தெரியாதிருக்கப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை விழுங்கிவிடும் என்று படித்திருந்தேன். சினிமாவுக்கு அதனால் நட்டமில்லை. கணினிக்கோ, வேலைக்கு வேண்டிய குறிகள் எல்லாம் ஓரத்தில்தான் இருக்கின்றன. கணினியின் அமைப்பில் திரைத் தெளிவைக் குறைத்துப் பார்த்தேன். எழுத்துகள் பருத்தன, போன ஓரம் திரும்பவில்லை. குறை தொலைக்காட்சியின் பக்கம் என்று தெளிவாயிற்று. அதைத் திருத்துவதற்கான வழி அரபுப் பட்டியலுக்குள் எங்கோ இருந்தது.

திறந்தேன். வலம் அழுத்தினால் குறி இடம் போயிற்று. மூன்றாம் வரியா நான்காம் வரியா என்று தெரியாமல் எதையோ அழுத்த, திரை முழுவதும் பாசி பிடித்ததுபோலப் பச்சையாயிற்று. மாலை ஐந்தரைக்கு மாப்பிள்ளை வீட்டார் பச்சை முகங்களோடு தெரிவதை எண்ணிப் பார்த்தேன். அப்பா பின்னால் வந்து நின்றிருந்தார்.

"என்ன மக்கா பண்ணி வெச்ச?"

"ஓரம் வெட்டுப்படுகு அப்பா. அளவ மாத்தப் பாத்தேன்."

"படம் வந்தாச்சுல்லா? பின்னே என்ன? உள்ளதயும் கெடுத்திராத."

ரிமோட்டை வாங்கி, வரிகளைச் சற்று நேரம் உற்றுப் பார்த்து, நாலைந்து அழுத்தலில் பழைய நிறத்தைக் கொண்டுவந்தார். பிறகு ரிமோட்டை என் கைக்கு எட்டாதபடி அலமாரியின் மேலே வைத்துவிட்டுப் போனார். மைக் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று காட்டும் குறி திரையின் அடியில்தான் இருக்கும், அது தெரியாவிட்டால் சிக்கல் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

மாலையில் அம்மா மேசை மேல் ஒரு தட்டு நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரமும், வாழைப்பழமும், நான்கு கிளாஸ் சாயாவும் கொண்டுவந்து வைத்தாள். கேமராவில் விழும்படி மேசையை இரண்டு முறை நகர்த்தினாள். மாமா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அவிய அங்கேருந்து கைய நீட்டி எடுத்துத் திங்கவா போறாவ?"

"திங்கலேன்னாலும் கண்ணுல படணும்லா. பொண்ணு பாக்க வருகவங்களுக்கு முன்னால வெறும் மேசைய வெக்கச் சொல்லுகியா?"

"செரி, அந்தச் சாயாவ இன்னொருக்கா சூடாக்கி வெய்யி. ஆவி பறந்தாத்தான் அங்க தெரியும்."

அம்மா உண்மையாகவே சூடாக்கப் போனாள்.

அழைப்பு வந்தது. திரையில் ஒரு சோபா. நடுவே மாப்பிள்ளையின் அம்மா. புருவத்துக்கு மேலே அவர் முகம் சட்டத்துக்கு வெளியே போயிருந்தது. இடப்பக்கம் மாப்பிள்ளை, ஒரு தோள் குறைவாக. வலது விளிம்பில் பழுப்பு நிறத்தில் ஒரு மரத்துண்டு, அலமாரியின் மூலைபோல. எங்கள் வீட்டுப் படம் அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று காட்டும் சிறு கட்டம் வலது அடிமூலையில் இருக்க வேண்டும், அதுவும் போயிருந்தது. என் முகம் முழுதாகத் தெரிகிறதா, கழுத்துக்குக் கீழே மட்டும் தெரிகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. பிறர் எதைப் பார்க்கிறார்கள் என்பது தெரியாமல் பார்க்கப்படுவது என்னை நாற்காலியின் நுனிக்குத் தள்ளியது.

"மயினி, சொகந்தானா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, என் அம்மாவைப் பார்த்து. "இவனுக்க அப்பா ஒறங்கி எழும்புகாரு. இப்ப வந்திருவாரு. மக்களே, நீ என்ன படிச்சிருக்க?"

"தமிழ் இலக்கியம்."

"அது படிச்சா டீச்சர் ஆவலாம், இல்லியா?"

"ஆவலாம், ஆவலாம்," என்றார் மாமா. "இவ டீச்சரானா கிளாசு அமைதியா இருக்கும். பிள்ளைங்க பேசுனாலும் இவ பேச மாட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "அங்க நெட் ஸ்லோவா இருக்கா?" இல்லை என்றேன். அவர் நல்ல மனிதராகவே தோன்றினார். அதனால் அச்சம் கூடியது. மறுப்பதற்கு ஒரு குறையையாவது அவர் தந்திருக்கலாம்.

பேச்சுக்கு நடுவே அவருடைய அம்மா இரண்டு முறை வலப்பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். சற்றுக் கழித்து, "ஒரு நிமிசம் மயினி, பாயாசம் அடுப்புல கெடக்கு" என்று அவர் எழுந்து போனார். மாப்பிள்ளைக்கு அலுவலகத்திலிருந்து போன் வரவே அவரும் பால்கனிப் பக்கம் போனார். திரையில் வெற்றுச் சோபா மட்டும் இருந்தது.

"சத்தத்த அடைச்சிடு மக்கா," என்றார் அப்பா.

எழுந்து போய், மைக்கை மூடும் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினேன். மூடியதா என்று காட்டும் குறி திரையில் இல்லை. விசை இருமுறை பதிந்து, மூடிய மைக் மறுபடி திறந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் வந்திருக்க வேண்டும். எல்லோர் பார்வையும் முதுகில் இருந்ததால் வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மாமா சாயாவை எடுத்தார். "மாப்பிள எப்பிடி அத்தான்? தலையிலதான் கொஞ்சம் கொறவு. ஏ.சி. காத்து பட்டுப்பட்டுக் கொட்டியிருக்கும்."

"தலைய விடு," என்றாள் அம்மா. "அவிய அம்மைக்கு வாயி நெறைய இருக்கு. அடுப்புல பாயாசம் கெடக்குன்னு நம்மகிட்ட சொல்லிக் காட்டுகா."

"நீ முந்திரிக்கொத்து காட்டுன, அவிய பாயாசம் காட்டுகாவ. ரெண்டும் ஆருக்க வயித்துக்கும் போவாது."

அப்பா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு மக்கா. பிடிச்சிருக்கா?"

எட்டு நாளாக நான் அஞ்சிக்கொண்டிருந்த கேள்வி, நினைத்ததைவிட மெல்லிய குரலில் வந்தது. முற்றத்துத் தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. தலை தானாகக் குனிந்தது. குனிந்த இடத்தில் முந்திரிக்கொத்துத் தட்டு இருந்தது. திரையில் யாரும் இல்லை, வீட்டு ஆள்கள் மூவர்தான் இருக்கிறார்கள், இப்போது சொல்லாவிட்டால் சோபா நிறைந்துவிடும் என்று மட்டும் தோன்றியது. தட்டைப் பார்த்தே சொன்னேன்.

"எனக்கு வேண்டாம் அப்பா. அவருகிட்ட ஒரு குத்தமும் இல்ல. புதன்கிழமைக்குள்ள சேரணும். நான் அங்க போகணும். எட்டு நாளா சொல்லணும்னு இருக்கேன். சொன்னா எல்லாருக்கும் முன்னால உங்களுக்குத் தலக்குனிவாகும்னு பயந்து. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

"ஏட்டி!" என்றாள் அம்மா. மாமா கிளாசை மேசையில் வைத்த ஒலி கேட்டது. அப்பா எழுந்தார். எழுந்து என்னை நோக்கி வருவார் என்று நினைத்தேன். அவர் அலமாரிக்குப் போய், மேலிருந்து ரிமோட்டை எடுத்தார்.

"காலையில ஓரம் வெட்டுப்படுகுன்னு சொன்னேல்லா," என்றார் யாரையும் பார்க்காமல். "அதப் பாப்போம்."

பதில் கையில் இல்லாதபோது கைக்கு ஒரு வேலை கொடுப்பது என் வழக்கமும்தான். ஆனாலும் அந்த நிமிடங்கள்போல நீண்டவை எனக்கு வேறு இல்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாலைவனச் சாலையில் வழிகாட்டிப் பலகையைப் படிப்பவர்போல எழுத்து எழுத்தாகக் கூட்டினார்.

"ஹ... ஹஜ்ம். ஹஜ்முன்னா அளவு. அடுத்தது சூரா." மாமாவுக்கு விளக்குவதுபோலச் சொன்னார்: "அங்க அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கப் போனா, சூரா கொண்டா சூரா கொண்டாம்பான். சூரான்னா படம். இதாக்கும் படத்துக்க அளவு."

உள்ளே நான்கு வரிகள் இருந்தன. முதல் வரியில் குறி நின்றது. "தக்பீர். பெருசாக்குகது. இத்தன வருசமா இதுலதான் கெடந்திருக்கு." இரண்டாவதை அழுத்தினார், வெற்றுச் சோபா பக்கவாட்டில் பிதுங்கியது. மூன்றாவதில் இருபுறமும் கரும்பட்டைகள் விழுந்தன. நான்காவது வரியில் நீண்ட நேரம் நின்றார். "ஷாஷான்னு முடியுகு. ஷாஷான்னா ஸ்கிரீனு." அழுத்தினார்.

படம் நான்கு பக்கமிருந்தும் உள்ளே சுருங்கி வந்து சட்டத்துக்குள் அமர்ந்தது. நான் பார்த்தவற்றை, பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன். வலது அடிமூலையில் கடிகாரம்: ஐந்து ஐம்பத்திரண்டு. அதற்கு மேலே சிறு கட்டத்தில் நாங்கள் நால்வரும். அப்பா கையில் ரிமோட்டோடு நின்றுகொண்டிருந்தார். அடியில் நடுவே வட்ட வட்டமாகக் குறிகள். மைக் மூடியிருந்தால் அந்தக் குறி சிவந்து, குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்க வேண்டும். சிவப்பும் இல்லை, கோடும் இல்லை. "இப்ப செரியாச்சே" என்று அம்மா சொன்னபோது, குறியின் அருகே மூன்று சிறு கோடுகள் அவள் குரலுக்கு ஏற்ப எழும்பி அடங்கின.

பிறகு வலது விளிம்பைப் பார்த்தேன். அலமாரியின் மூலை என்று நான் எண்ணியிருந்தது ஒரு நாற்காலியின் கை. அந்த நாற்காலியில், தோளில் துண்டும் கையில் கிளாசுமாக, வயதான ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்களை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எவற்றையெல்லாம் கேட்டிருப்பார் என்று மனம் ஒழுங்காக அடுக்கியது: மகனின் தலைமுடி, மனைவியின் வாய், பாயாசம், புதன்கிழமை.

"அத்தான், அது ஆரு?" என்று மாமா கிசுகிசுத்தார். கோடுகள் அதற்கும் எழும்பின.

அந்தப் பெரியவர் கிளாசைக் கீழே வைத்தார். "நான்தான். இவனுக்க அப்பா. வந்து இருந்து பத்து நிமிசமாச்சு. கையெடுத்துக் கும்பிட்டேன், ஆரும் திரும்பல்ல."

அப்பா கைகூப்பினார். ரிமோட் கூப்பிய கைகளுக்கிடையில் இருந்தது. "அண்ணே, தெரியல்ல. எங்க டிவியில ஓரம்..." அப்பாவின் காது மடல்கள் சிவந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். எட்டு நாளாக நான் அஞ்சியது அதைத்தான்.

"முடி கொட்டுகது எங்க குடும்பத்துக்க சுபாவம்," என்றார் அவர், தன் தலையைத் தடவிக்கொண்டு. "ஏ.சி. மேல பழி போடாதீங்க." சிரிப்பதற்காகச் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எவரும் சிரிக்கவில்லை. அவர் பார்வை என் பக்கம் நகர்ந்தது. "புதன்கிழமைன்னா எந்தப் புதன் மக்கா?"

"வர்ற புதன்," என்றேன்.

"ம்." அவர் தன் முதுகுக்குப் பின்னால் அடுக்களைப் பக்கம் பார்த்தார். "அவ வந்தா பேச்சு நீளும். நீங்க கட் பண்ணுங்க. நெட்டு போச்சுன்னு நான் சொல்லிக்கிடுதேன். பொறவு ஒங்க அப்பாவ போன்ல விளிக்கேன்."

அது கனிவா, கோபத்தை அடக்கிய பேச்சா என்று அந்த முகத்திலிருந்து என்னால் படிக்க முடியவில்லை. அப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். குறிகளின் வரிசையில் கடைசியாக இருந்த சிவப்பு வட்டத்தை அழுத்தினேன். சோபா மறைந்தது.

மாமாதான் முதலில் வெடித்தார். "போச்சு. நாளைக்குப் புதுக்கடை முழுக்க இதுதான் பேச்சு. நான் எந்த மொகத்தோட அங்க போவேன்?"

"தலையப் பத்தி ஆரம்பிச்சது நீதான்லே," என்றாள் அம்மா.

"பாயாசத்தப் பத்திப் பேசுனது ஆரு, அக்கா?"

அம்மா அவரை விட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். "ஏட்டி, அந்த மனுசன் அங்கன இருக்காருன்னு தெரிஞ்சிருந்தா நீ சொல்லியிருப்பியா?"

"மாட்டேன் அம்மா."

உண்மை அதுதான். காலையிலேயே நான் படத்தின் அளவைச் சரியாக்கியிருந்தால், நாற்காலியில் அவரைப் பார்த்திருப்பேன், மூடாத மைக்கையும் பார்த்திருப்பேன், தலை குனிந்திருப்பேன். அன்று நடந்தவற்றில் என்னை அதிகம் நடுங்கவைப்பது இதுதான். இப்போதும் சில நாள்களில், விடுதி அறையில், அந்த வேறொரு மாலையை நினைத்து எழுந்து உட்காருகிறேன்.

அப்பா இன்னும் தொலைக்காட்சிக்கு அருகிலேயே நின்றார்.

"அந்தக் கடிதாசி இதுல இருக்கா?"

திறந்து காட்டினேன். அவர் திரைக்கு ஓரடி தூரத்தில் நின்று, அரபு எழுத்தைக் கூட்டியதுபோலவே மெதுவாகப் படித்தார். 'ஐந்து ஆண்டுகள்' என்ற இடத்தில் நின்றார். 'விடுதி' என்ற இடத்தில் நின்றார். கீழே நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன்.

"பெற்றோர் ஒப்பம்னு கெடக்கு."

"ஆமா அப்பா."

"இதப் பேப்பர்ல எடுக்கணும்லா. பிரிண்டு எடுக்க கடய எப்ப அடைப்பான்?"

"எட்டு மணிக்கு," என்றார் மாமா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "அத்தான், அவரு விளிப்பேன்னு சொல்லியிருக்காரு. அவரு என்ன சொல்லுகாருன்னு தெரியாம..."

"விளிக்கட்டு. விளிக்கும்போ பேசுகேன்."

அப்பா சட்டையை மாட்டினார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் துணிவில்லை. கேட்டால் அவர் நின்று யோசித்துவிடுவார் என்று பயந்தேன். பென் டிரைவைக் கணினியில் செருகினேன். படிவத்தை அதில் ஏற்றிக் கொடுத்தேன். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் குடையை விரித்தவர் திரும்பினார்.

"ஒப்பம் போட கறுப்பு மையா, நீல மையா?"

"நீலம்," என்றேன்.